விட்டுப்போன வரி

ஐரின் பைபிள் வாசகம் வாசித்தால் தூண் மறைவில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். பிரேசர் டவுன் கோயிலின் காலைத் தமிழ்ப் பூசையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் வாசிக்கிறாள். பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு லேட்டாகப் போயிருக்கிறாள், வாசகத்துக்கு ஒருநாளும் லேட்டானதில்லை. முந்தின நாளே மூன்று தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துவிடுவாள்.

இந்த முறை இரண்டாவது தடவையிலேயே புத்தகத்தை மூடிவிட்டாள். யோவானின் முதல் திருமுகம். கடவுளை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு சகோதரனை வெறுக்கிறவன் பொய்யன் என்று அதில் வருகிறது. மறுநாள் அவள் கணவரின் நினைவுப் பூசை. மகன் கிளிஃபர்ட் வருவதாக மெசேஜ் அனுப்பியிருந்தான், ரக்ஷிதாவோடு. கோயிலில் தாலி கட்டாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு அவன் கட்டிக்கொண்ட கன்னடப் பெண். இரண்டு வருஷமாக ஐரின் அவளை வாசற்படி ஏற விடவில்லை. சகோதரன் என்றுதானே போட்டிருக்கிறது, மருமகள் என்று இல்லையே என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். எடுபடவில்லை.

அந்த வரியைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்தாள். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

காலையில் வாசக மேடை ஏறியதும் கடைசி பெஞ்சில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டாள். ரக்ஷிதா தலையில் முக்காடு போட்டிருந்தாள், யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவள் மாதிரி. வாசித்தாள். அந்த வரி வந்தது. தாண்டினாள். குரல் பிசகவில்லை.

"ஆண்டவரின் அருள்வாக்கு."

"இறைவா உமக்கு நன்றி" என்றார்கள் எல்லோரும். அந்த நன்றிதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அவள் தன் வசதிக்கு வெட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு எண்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். கீபோர்டுக்காரர் பதிலுரைப் பாடலை ஆரம்பித்தார். ஐரின் இறங்கவில்லை. கீபோர்டு நின்றது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"ஒரு வரிய விட்டுட்டேன்" என்றாள் மைக்கில். "தெரிஞ்சுதான் விட்டேன்."

விட்டதை வாசித்தாள். பொய்யன் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

பிறகு தன் வழக்கமான இடத்துக்குப் போகாமல் நடுவழியே கடைசிவரை நடந்தாள். கிளிஃபர்ட் பயந்துபோய் எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஸ்வல்ப தள்ளி உக்காரும்மா" என்றாள் ரக்ஷிதாவிடம், 'கொஞ்சம்' என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி.