ஒன்றரைச் சுற்று மரை

சித்தப்பா, மிஸ்ஸின் கேமராவைக் கீழே போட்டது நீங்கள். நான் இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போன மாதம் பாணேரில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கண்ணன் பொண்ணு இருக்காளே, நிலாவைப் போட்டோ எடுக்கறேன்னு கேமராவையே போட்டு ஒடச்சவ" என்று என் மாமியார் வீட்டுக்காரர்கள் முன்னால் மறுபடியும் ஆரம்பித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பதினாறு வருடமாகச் சிரிக்கிறார்கள். போதும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. போபோடியில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டு அறை வீடு. அப்பா போசரித் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் ஃபிட்டர். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி, அதே போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓட்டினார். வேலை நிரந்தரம் இல்லை. வாய் மட்டும் நிரந்தரம்.

எங்கள் பள்ளிக்கு யாரோ ஒரு டெலஸ்கோப்பை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். அதன் பெட்டியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர் கலராக வடிகட்டிக் கண்ணாடிகள் இருந்தன. நிலா வெளிச்சத்தில் கண் கூசாமலிருக்க ஒரு கறுப்புக் கண்ணாடி. உருவத்தை இரண்டு மடங்காக்க ஒரு பார்லோ லென்ஸ். கேமராவைப் பொருத்தும் அடாப்டர் மட்டும் இல்லை. இந்தப் பெட்டிகளை விற்கிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் விற்கிறார்கள். யாரும் தொடாத சாமான்களால் பெட்டியை ரொப்பிவிட்டு, வேண்டிய ஒன்றை விட்டுவிடுவார்கள்.

அறிவியல் மிஸ்ஸிடம் நல்ல கேமரா இருந்தது. அதன் லென்ஸைக் கழற்றிவிட்டு மாட்டும் வளையமும் இருந்தது. வளையத்துக்கும் டெலஸ்கோப் குழாய்க்கும் நடுவில் ஒரு குட்டிக் குழல் வேண்டும். ஒரு முனை குழாய்க்குள் செருக வேண்டும், மறு முனையில் வெட்டிய திருகு மரை வளையத்துக்குள் ஏற வேண்டும். அதுதான் அடாப்டர். நிலாவை ஒழுங்காகப் படம் எடுத்து வருகிற பிள்ளைக்குக் கண்காட்சிக் குழுவில் இடம் என்று மிஸ் சொல்லியிருந்தார். என் சித்தப்பா செய்து தருவார் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அளவுக்காக வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு? நாப்பத்திரெண்டு மில்லிமீட்டரா? நாப்பத்திரெண்டுன்னா நாப்பத்திரெண்டுதான் பாப்பா. எனக்கு சாம்பிள் காட்டுறியா நீ?"

இரண்டு நாளில் அடாப்டர் வந்தது. அலுமினியம். முகம் தெரிகிற மாதிரி மினுமினுப்பு. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தன் ஃபோர்மேனையே மொட்டை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மா அவல் போஹாவும் டீயும் அனுப்பினாள். ஃபோர்மேன் அடாப்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல கை என்று இந்தியில் சொன்னார். அப்பா என்னைப் பார்க்கவில்லை, நிலாவைப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இருட்டவில்லை. பாதி நிலா மேலே வெளுத்துத் தெரிந்தது. சித்தப்பா அடாப்டரைக் குழாயில் செருகித் திருகு வைத்து முடுக்கினார். பிறகு வளையம் மாட்டிய கேமராவை அதன் மரையில் ஏற்றினார். ஒரு சுற்று. ஒன்றரைச் சுற்று. கை நின்றது. கொஞ்சம் அழுத்தினார். நகரவில்லை. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார், ஃபோர்மேனைப் பார்த்தார்.

"புடிச்சிடுச்சு. பாப்பா, நீ ஃபோகஸ் பண்ணு" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார்.

நான் குமிழை மயிலிறகு மாதிரிதான் தொட்டேன். திரையில் நிலாவின் விளிம்பு கூர்மையாகத் தொடங்கியது. பள்ளங்கள்கூடத் தெரிந்தன. அந்த நொடியில் கேமரா மரையிலிருந்து கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"என்ன பாப்பா, மெதுவாத் திருப்புன்னு சொன்னேன்ல" என்றார் சித்தப்பா. அவர் சொல்லவே இல்லை. மெதுவாகத்தான் திருப்பினேன் என்று நான் அழுதேன். சின்னப் பிள்ளை, விடுங்கள் என்று ஃபோர்மேன் பெருந்தன்மையாகச் சொன்னார். அப்பா குழாயிலிருந்து அடாப்டரைக் கழற்றி, மரையைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அப்பாவே என்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். நான்தான் போட்டேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் திட்டவில்லை. குழுவில் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் சித்தப்பாவுக்கு அப்பாவின் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக நிரந்தர வேலை கிடைத்தது. வீட்டில் கேசரி செய்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

போன வருடம் நானே ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். ஒரு ஸ்பேனருக்காக அப்பாவின் டூல் பாக்ஸைக் கிளறியபோது, அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி அந்த அடாப்டர் கிடந்தது. துருப்பிடிக்காத அலுமினியத்தை எதற்கு எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க வேண்டும்? என் கேமரா வளையத்தில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றரைச் சுற்றில் நின்றது. பக்கத்து லேத் கடைக்காரர் மரை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்த வளையங்களுக்கு மரையின் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். இதில் வெட்டியிருப்பது ஒரு மில்லிமீட்டர். இது எந்தக் காலத்திலும் ஏறாது, லேத்தில் முந்தின வேலைக்குப் போட்ட கியரை மாற்றாமலே வெட்டியிருப்பான் என்றார்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "இப்போ எதுக்கும்மா அதெல்லாம்" என்று சிரித்தார். அடுத்து அந்தக் கல்யாணம்.

சித்தப்பாவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஃபோர்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தான் வெட்டிய மரை தப்பு என்று எந்த டர்னரும் சொல்ல மாட்டான். பன்னிரண்டு வயதில் இது எனக்குத் தெரியாது. அது மட்டுமல்ல. அன்று பள்ளிக்குப் போகும் வழி முழுக்க அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், ஒரு சொல் திட்டவில்லை. அதைப் பாசம் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு மரையின் இடைவெளி கட்டைவிரலில் தெரியும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

இதை நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். சிரித்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். சித்தப்பா, மரையைத் தப்பாக வெட்டியது நீங்கள்தான் என்று அங்கே எழுதுங்கள். அப்பா, தடவிப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா? தனியாக போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதீர்கள். எல்லாரும் படிக்கிற மாதிரி அங்கேயே பதில் எழுதுங்கள்.