ரிஹாப் வெட்டிய இரண்டு எழுத்து

லெபனானின் திரிப்போலி நகர நூலகம் தன் இரவல் பதிவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அவற்றைக் கொண்டு புதிதாக ஏதாவது செய்து காட்டும்படி போட்டி அறிவித்தது. வெல்பவருக்கு அங்கேயே கணினி வேலை. ரிஹாப் பெயர் கொடுத்தது அதற்காகத்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆனாலும் அண்ணன் ஹைசமின் கடையில் கைபேசிகளுக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஓர் எழுத்தாளரின் பெயரைத் தட்டினால், அவரை வாசித்தவர்கள் வேறு யாரையெல்லாம் எடுத்துப்போனார்கள் என்று அவள் செயலி காட்டும். தலைவலி, அரபுப் பெயர்களின் முன்னொட்டான 'அல்' ரூபத்தில் வந்தது. பாதிப் பெயர்கள் 'அல்' என்று தொடங்கி ஒரே மூலையில் குவிந்தன. பெயரின் முதலில் அந்த 'அல்'லின் எழுத்துகளான அலிஃபும் லாமும் வந்தால் இரண்டையும் வெட்டிவிடச் சொல்லி ஒரு வரி எழுதினாள். வரிசை சீரானது.

போட்டியன்று நடுவர் இலியாஸ் சர்ரூஃப் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாலைந்து புத்தகம் எழுதியவர்.

"என் பேரப் போடு மகளே, பாப்போம்."

திரையில் வந்தது: யாஸ் சர்ரூஃப். யாஸ் என்றால் விரக்தி.

அரங்கமே சிரித்தது.

"என் பொண்டாட்டிகூட இப்படித் திட்டினதில்லம்மா!" என்றார் அவர்.

ரிஹாபுக்குக் காது சுட்டது. "உஸ்தாத், உங்க பேருல அலிஃபுக்குக் கீழ ஹம்ஸாக் குறி வரணும், அப்பதான் அது 'இ'. பதிவுல அந்தக் குறியப் போடல. அதான் 'அல்'னு நெனச்சு வெட்டிடுச்சு."

"ஓ, தப்பு எங்க மேலயா?" நூலக அம்மாள் சீறினார். "இந்த ஊர்ல யாரு ஹம்ஸா போட்டு எழுதுறா? நீ எழுதுவியா?"

அவளும் எழுதுவதில்லை.

பரிசு, இரவல் கணக்குகளை வண்ணவண்ணக் குமிழிகளாக மிதக்கவிட்ட இரண்டு பையன்களுக்குப் போனது. அதை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

கடையில் ஹைசம் கேட்டான்: "ஏண்டி, அந்தாளு பேரு சுவரொட்டிலயே இருந்துச்சே. ஒருதரம் தட்டிப் பாத்தா என்ன?"

"வாய மூடு."

அந்த ஒரு வரியைச் சோதிக்கத் தட்டிப் பார்த்த பெயர்கள் நினைவுக்கு வந்தன. மாமா, சித்தி, எதிர்வீட்டுக்காரர், கூடப் படித்தவர்கள். எல்லாம் தன் தெரு, முஸ்லிம் தெரு. அதில் ஒரு இலியாஸ்கூட, ஒரு கிறிஸ்தவப் பெயர்கூட இல்லை. ஊர் முழுக்கப் பயன்படுத்தட்டும் என்று செய்தவள், ஊர் என்று நினைத்தது இவ்வளவுதானா? குமிழிப் பையன்களைத் திட்ட நினைத்தாள். மனம் வரவில்லை.