ரோஜாவைப் பதிவு செய்த நர்ஸ்

அஜிஷாவுக்குக் கடலைக் கண்டு பயமில்லை. குளச்சலுக்குப் பக்கத்தில், வீட்டுப் படிவரை அலை ஏறுகிற ஊரில் பிறந்தவள். ரத்தத்துக்குப் பயமில்லை, பிணத்துக்கும் பயமில்லை. பயமெல்லாம் எழுதாமல் விட்ட காகிதத்துக்குத்தான். தோஹாவில் வேலை பார்த்த காலத்தில், ஊசி போட்டுவிட்டுக் குறித்துவைக்க மறந்த ஒருத்தியை ஒரே வாரத்தில் விமானம் ஏற்றினார்கள். ஊசி போட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அஜிஷா எல்லாவற்றையும் எழுதினாள். நோயாளி தும்மினால் எத்தனை தும்மல் என்று எழுதினாள்.

இப்போது பயத்துக்குக் கூடுதல் காரணமும் சேர்ந்திருந்தது. கணவன் கிளிட்டஸுக்குப் படகு எஞ்சின் பட்டறையில் வேலை போய் நான்கு மாதம். அவனும் மகளும் அவளுடைய விசாவில்தான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இருந்தார்கள். அவளுக்கு வேலை போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. துபாயில் ஒரு வில்லா, நோயாளி ஜௌமே. எண்பத்து மூன்று வயது, வலப்பக்கம் வாதம். ஸ்பெயின் தேசத்தில் கத்தலோனியா என்ற பகுதிக்காரர். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் மகள் மொன்சே, அப்பாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் இருபத்து மூன்று, காலை பத்து இருபது. பிரஷர் பார்க்கக் குனிந்த அஜிஷாவிடம், ஜௌமே போர்வைக்கடியிலிருந்து இடது கையால் ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்து நீட்டினார். கூடவே ஒரு கோதுமைக் கதிர், இரண்டையும் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக நாடா. வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

நோயாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. மூலையில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. வாங்காவிட்டால் கிழவரின் முகம் என்ன ஆகும் என்று விதியில் போட்டிருக்கவில்லை. வாங்கினாள்.

உடனே போனில் கம்பெனிப் படிவத்தைத் திறந்தாள். ‘நோயாளி ரோஜா கொடுத்தார். இடது கைப் பிடி நன்று. மனம் நோகாமலிருக்க வாங்கப்பட்டது.’ அனுப்பினால் போகவில்லை. நிகழ்ச்சி எந்த வகை என்று கேட்டது. கீழே விழுதல், மருந்துப் பிழை, படுக்கைப் புண், முறையற்ற நடத்தை. பூவுக்கு வகை கிடையாது. கடைசியைத் தொட்டாள், போய்விட்டது. அந்த நிம்மதி ஒன்றரை மணி நேரம் நீடித்தது.

மேற்பார்வை பார்க்கும் ஹிஃப்ஸா கூப்பிட்டாள். இலங்கை அக்கரைப்பற்றுக்காரி.

“அஜிஷா, அந்த மனுசன் உங்களத் தொட்டாரா?”

“ஐயோ இல்லக்கா. பூ மட்டுமாக்கும் தந்தாரு.”

“என்ன நிறம்?”

“செவப்பு.”

“ம். நீங்களே முறையற்ற நடத்தை எண்டு போட்டிருக்கீங்க. மேல போயிட்டு. அஞ்சு மணிக்கு அவர்ட மகளுக்குக் கடிதம் போகும். போலீசுக்கும் சொல்லணுமா எண்டு யோசிக்காங்க.”

“அதத் திருப்பி எடுக்கலாமாக்கா?”

“எடுக்கலாம். பொய் ரிப்போட் எண்டு உங்கட ஃபைல்ல விழும். பிறகு விசா புதுக்கிறது அவங்கட விருப்பம். பேசாம இருந்தீங்கண்டா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.”

தன்னைக் காப்பாற்ற எழுதியது தன்னை நன்றாகவே காப்பாற்றியது. கோளாறு அதுதான்.

கிளிட்டஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“கெழவனுக்கு வயசென்ன?”

“எம்பத்தி மூணு.”

“அப்பம் எனக்குப் பயமில்ல.”

“வெளையாடாதீங்க. போலீஸ் கொண்டுபோய் இருத்தினா அந்த மனுசன் ஒரு நாளு தாங்கமாட்டாரு.”

“மோளுக்கு இப்பந்தானே ஸ்கூல் தொடங்கியிருக்கு,” என்றான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று மணிக்கு மொன்சே வந்தாள். கையில் வண்ணத்தாள் சுற்றிய புத்தகம். மேசையில் ரோஜாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இன்று தங்கள் ஊரில் புனித ஜோர்டி திருநாள் என்றாள். ஆண்கள் பெண்களுக்கு ரோஜா கொடுப்பார்கள், பெண்கள் ஆண்களுக்குப் புத்தகம். காதலர்கள் கொடுத்துக்கொள்வதுதான் வழக்கம், ஆனால் அப்பா யாரையும் விட்டதில்லை. ரொட்டிக்கடைக்காரி, தபால்காரி, மாடி வீட்டுப் பாட்டி. நேற்று ஒற்றைக் கையால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாடா கட்டினார், தன்னை அதைத் தொடவே விடவில்லை என்றாள்.

ஜோர்டி வேறு யாருமல்ல, ஜார்ஜியார்தான். அஜிஷாவின் ஊர்க்காரர்கள் வேன் பிடித்துக் கேரளத்து எடத்துவா கோவிலுக்குப் போய், பாம்பு அண்டாமலிருக்க அவரைத்தான் கும்பிடுவார்கள். குதிரைமேல் ஈட்டியோடு நிற்கிறவர் பூ விஷயத்திலும் பொறுப்பெடுத்திருக்கிறார் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மொன்சே குளியலறைக்குப் போனாள். மணி நாலு இருபது. கடிதம் வந்துவிட்டால் இந்த முகம் எப்படி மாறும் என்று அஜிஷா யோசித்தாள். கழிவறைக்கு இரண்டு தடவை போய்வந்தாள். நாலு நாற்பதுக்குப் படிவத்தைத் திறந்து ‘திரும்பப் பெறு’ என்பதைத் தொட்டாள். காரணம் கேட்டது. ஹிஃப்ஸாவைக் கூப்பிட்டாள்.

“கை தவறிப் பட்டிட்டு எண்டு போடுங்க. ஃபைல்ல பெருசா விழாது.”

“கை தவறல்லக்கா. தெரிஞ்சுதான் தொட்டேன்.”

“உங்களுக்கு என்ன பைத்தியமா? அப்ப என்னத்த எழுதப் போறீங்க?”

“பயந்து எழுதினேன்னு.”

“பயம் ஒரு காரணமா புள்ள?”

“வேற இல்லையேக்கா.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “அனுப்புங்க. கடிதத்த நான் நிப்பாட்டுறன். உங்கட விசா விசயம் எனக்குத் தெரியா.”

அனுப்பினாள். உள்ளே மொன்சே, அப்பாவுக்குக் கொடுத்த புத்தகத்தை அவருக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி பிரஷர் பார்க்க வேண்டும். பட்டையை மூன்று தடவை சுற்ற வேண்டியிருந்தது. ஜௌமேவின் பிரஷர் சரியாக இருந்தது. எழுதிவைத்தாள்.