சகலையின் ஊருக்கு ஒரு சாக்கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கலைக்கூடத்தின் நடு மண்டபத்தில், மனைவி வாய் பிளந்து நின்ற இடத்தில்தான் நகராட்சிக் கழிவுநீர்ப் பிரிவின் வரைவாளருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. அதற்கு முன்பு அவர் நல்ல மனிதர்.

மனைவியின் தங்கை கணவன், அதாவது அவருடைய சகலை, ஓவியன். அட்டை, கம்பி, பழைய கடிகாரச் சக்கரங்கள் இவற்றைக் கொண்டு ஒரு பெரிய மேசைமேல் நடுவே ஒரு கோபுரம் வைத்து, இல்லாத ஊர் ஒன்றைக் கட்டியிருந்தான். அந்த ஊருக்குத் தபால்தலை உண்டு, செய்தித்தாள் உண்டு, வானிலை அறிக்கை வேறு.

"எப்பிடித்தான் தோணுதோ! தலைக்குள்ள ஒரு ஊரே இருக்கு பாருங்க," என்றாள் மனைவி.

"இருக்கும். உள்ள காலி இடம் நிறைய."

பத்தொன்பது ஆண்டுகளாக உண்மையான ஊருக்குச் சாக்கடைக் கோடு போட்டவர் அவர். அந்த வரைபடங்களில் ஒன்றைத்தான் அவள் வீட்டு அலமாரித் தட்டில் பழைய தாளாக விரித்திருந்தாள்.

குற்றம் தேடி மேசையை மூன்று முறை சுற்றினார். நான்காவது சுற்றில் அகப்பட்டது. கூட்டத்துக்குக் கேட்கும்படி செருமினார். "தம்பி, நாப்பதாயிரம் பேர் இருக்கிற ஊருன்னு எழுதியிருக்கீங்க. குளிச்ச தண்ணி எங்க போகுது?"

சகலை திருதிருவென்று விழிப்பான் என்பது திட்டம். அவனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒருத்தர்கூட இதைக் கேக்கலையே அண்ணே! நீங்களே போட்டுக் குடுங்களேன்."

எதிரி பெருந்தன்மை காட்டினால் பொறாமைக்காரன் எங்கே போவான்? விடுப்பு எடுத்தார். மேசைக்கடியில் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி, நீலச் சாயத் தண்ணீர் தானாக ஓடும்படி சரிவு வாட்டம் பார்த்தார். மனைவி மயங்கிய கோபுரம் குறுக்கே நிற்கிறது, இரண்டு அங்குலம் நகர்த்தியே தீரவேண்டும் என்றார். அது பச்சைப் பொய். சகலை சிரித்துக்கொண்டே நகர்த்தினான். கோபுரம் முன்னைவிட எடுப்பாக இருந்தது. பாவி.

வேலை முடிந்ததும் மனைவியைக் கூட்டிவந்து மேசைத்துணியைத் தூக்கினார். அவள் முட்டி போட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"முழுக்க நீங்களா?"

"முழுக்க."

"ஒரு இடத்துலகூட அடைக்காம என்னமா ஓடுது!"

வரைவாளரின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. இதைக் கேட்க வேண்டியவன் எங்கே? கண்ஜாடை காட்டிச் சகலையை அருகில் வரவழைத்தார். "சத்தமா சொல்லும்மா."

மேசைக்கடியிலிருந்து பெருமூச்சு வந்தது. "குடுத்து வெச்ச சனங்க. நம்ம பாத்ரூம்ல மூணு மாசமா கணுக்கால் அளவு தண்ணி நிக்குது."

சத்தமாகத்தான் சொன்னாள்.