கதவைப் பூட்டிய ராணி

சாத்தூர் பஸ்ஸில் உள்ளே இடமிருந்தும், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வாசலோரச் சீட்டை விட்டு நகரவில்லை. கழுவியும் போகாத வெடிமருந்து, விரல்களில் வெள்ளியாய் மின்னியது. பின்சீட்டில் நான், மந்திரவாத சீரியலில் எதிரி மாளிகையை எரித்த ராணிக்காக நண்பனிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக எனக்கு அதுதான் முழுநேர வேலை.

"ஏலே, பிள்ளையப் பறிகொடுத்தவ! அவளா கெட்டவ?"

அக்கா திரும்பினார். "நானும் பாத்தேன் அண்ணாச்சி. அவ அழுதப்ப நானும் அழுதேன். ஆனா, தீ வைக்கிறதுக்கு முன்னாடி கதவைப் பூட்டினாள்ல?"

"உள்ள எதிரிகதானேக்கா?"

"சமையக்காரிகளும் இருந்தாகளே! ஆள் உள்ள இருந்தா நாங்க கம்பெனியில மருந்து ரூம் கதவைச் சாத்தவே மாட்டோம். மொதலாளியே சொன்னாலும் மாட்டோம்."

"ஏலே, ஒன் ராணி அவுட்டு!" என்றான் நண்பன்.

சீரியல் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் தோல்வியை நானே அறிவித்தேன். 'தீர்ப்புச் சொன்னது எங்க ஊர் அக்கா' என்று கீழே எழுதும்போது, ஜெயித்தவனைப் போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.