மீடியம் சைஸ் ஆள்

அந்தத் தையல் ஆலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலாளரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் மீடியம். பதினோரு வருடங்களுக்கு முன், வெட்டும் பிரிவில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவரை மாஸ்டர் கூப்பிட்டு மார்பு, தோள், கை நீளம் எல்லாம் அளந்தார். ஆர்டர் தாளில் மீடியம் சைஸுக்கு எழுதியிருந்த அளவும் அவர் உடம்பும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. அன்றிலிருந்து புது மாடல் எது தைத்தாலும் முதலில் அவர் உடம்பில்தான் ஏறும்.

நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் குளிர்காலத்துக்கு விற்கும், தொப்பி வைத்த ஹூடியைக் கொளுத்தும் வெயில்காலத்தில்தான் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கு, இறக்கு, திரும்பு, தொப்பியைப் போடு, எடு. குண்டூசி குத்தினாலும் அசையக் கூடாது. ஒரு தடவை, கழுத்து பிடிக்கிறது என்று அவராகச் சொன்னபோது, "ஹேங்கர் எப்பலேர்ந்து பேச ஆரம்பிச்சுது?" என்று மாஸ்டர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

அந்த வேலையில் ஒரே ஒரு வசதி, நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஏழு மாதங்களாக அவருக்கு அந்த நாலு மணிதான் உயிர்நாடி. மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் மச்சினி வந்து பார்த்துக்கொண்டாள். நாலரைக்கு அவள் தன் பிள்ளைகளைத் தேடி ஓட வேண்டும். காலையிலும் மாலையிலும் மனைவியை வலது தோளில் சாய்த்துத் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் குளியலறைக்கும் கொண்டுபோவது அவர்தான்.

அந்த வாரம் டிசைனர் மூன்று ஹூடிகளோடு வந்தாள். சனிக்கிழமைக்குள் மூன்றையும் ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்; அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலாவது தொளதொளவென்று, தோள் தையல் பாதிக் கை வரை இறங்கியது. இரண்டாவது இடுப்போடு நின்ற குட்டை மாடல். மார்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு கைகளிலும் அதே நேர்கோட்டில் தொடரும். மூன்றாவது முன்பக்கம் ஜிப் வைத்து, இரட்டைத் துணியில் தொப்பி தைத்தது.

டிசைனரின் மனம் இரண்டாவதில் இருந்தது. ஆனால் மீடியம் அதைப் போட்டு நின்றால் வெள்ளைப் பட்டை வலது பக்கம் அரை அங்குலம் கீழே இறங்கியது. மேஜையில் விரித்து அளந்தால் சரியாக இருந்தது.

"தைக்கும்போது துணிய இழுக்கறீங்க. அதான் உடம்புல ஏறினதும் கோணுது," என்றார் மாஸ்டர்.

சாம்பிள் தைக்கும் அக்கா ஹூடியை வாங்கிக்கொண்டாள். முப்பது வருடம் மெஷினில் குனிந்து முதுகு வளைந்த பெண்மணி. தையலைப் பிரித்தாள், தைத்தாள். மறுபடி கோணியது. மறுபடி பிரித்தாள். மூன்றாவது தடவை அதே பக்கம் அதே அரை அங்குலம் இறங்கியபோது, மீடியம் எதிரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தார். ஹூடியை அல்ல, தன்னை. வலது தோள் சரிந்திருந்தது. கொஞ்ச நாளாகச் சட்டை ஒரு பக்கமாக நழுவியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலை போகும், பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். அங்கே ஆறு மணிக்கு முன்னால் நகர முடியாது. அன்று நாலு மணிக்கு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை அக்கா நான்காவது முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூல் கண்ணுக்குத் தெரியாமல் துணியை முகத்தருகே கொண்டுபோனாள்.

"கண்ணு தெரியலன்னா சொல்லிடுங்கம்மா. வேற ஆளப் போட்டுக்கறேன்," என்றார் மாஸ்டர், எல்லோரும் கேட்கும்படி.

அக்காவின் கை நின்றது.

"மாஸ்டர், டேப்ப எடுங்க," என்றார் மீடியம். "என்னை அளந்து பாருங்க."

"உன்னை எதுக்கு?"

"தையல்ல கோளாறு இல்ல. என் தோள்தான் எறங்கிப்போச்சு. நேத்தே தெரியும். சொல்லல."

மாஸ்டர் அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னப்பா பண்ணே உடம்ப?" என்று கேட்டார். மனைவியைத் தினமும் தூக்குவதை மீடியம் சொன்னார். மாஸ்டர் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அந்த ஆள் உடம்பில் பட்டை நூல் பிடித்தது போல் நேராக நின்றது. அக்காவிடம் மாஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

டிசைனர் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் தூங்காதது கண்ணில் தெரிந்தது.

"அண்ணா, இத்தனை தடவ போட்டீங்க. இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

அவர் மூன்றையும் ஒரு தடவை பார்த்தார். "தொளதொளன்னு இருக்கே, அது சுகமா இருக்கும்மா. ஆனா கை கழுவும்போது நனையும். பட்டை போட்டது பார்க்க நல்லாருக்கு, கையத் தூக்கினா வயிறு தெரியும். ஜிப் வச்சதுல தொப்பி கனம், பின்னால இழுத்துக் கழுத்த நெரிக்குது. ஆனா என்னைக் கேட்டா அதுதான். கைய மேல தூக்க முடியாதவங்களும் போட்டுக்கலாம்."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை கம்பெனி தேர்ந்தெடுத்தது பட்டை போட்டதைத்தான்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் பேக்கிங்கில் நின்றார். முந்தைய ஆர்டர் ஹூடிகளை மடித்து, உறையிலிட்டு, பெட்டிக்கு இருபதாக அடுக்கினார். அங்கே யாரும் ஊசி குத்தவில்லை. கால் மட்டும் வீங்கியது. நாலரையிலிருந்து ஆறரை வரை மனைவி தனியாக இருப்பாளே என்ற நினைப்பில் முதல் வாரம் முழுக்க லேபிளைத் தப்புத் தப்பாக ஒட்டினார். இது அக்காவின் காதுக்கு எட்டியது. அவளுக்கு ஷிப்ட் நாலு மணியோடு முடியும். "போற வழிதானே தம்பி, நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்," என்றாள். அவள் வீடு அந்த வழியில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவரிடம் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, அவர் வந்தபோது அக்கா அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள். மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பேச்சு இன்னும் குழறினாலும் புரியும்.

"அக்கா நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்று கேட்டார்.

"எங்க. வந்து உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கிடறாங்க. கீழ விழுந்துடாம நான்தான் அவங்களப் பாத்துக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். பிறகு குனிந்து, இந்தத் தடவை இடது தோளைக் கொடுத்து அவளைத் தூக்கினார். பழக்கமில்லாததால் இரண்டு பேருமே கொஞ்சம் தடுமாறினார்கள்.