டோக்கியோவில் கடைசி அரை நாளும் தங்கையின் பெயர் எழுதிய பலகையும்

1997 அக்டோபரில் போன பயணத்தைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுதக் காரணம், போன வாரம் ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி. "டோக்கியோவிலிருந்து மாலை விமானம், கையில் அரை நாள், தனி ஆள். என்ன கோயில் பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தார். அதே அரை நாள் எனக்கும் வாய்த்தது. நேரமும் விலையும் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. அவை அன்றைய விலைகள். அவற்றை நம்பிக் காசு கொண்டுபோய் நடுத்தெருவில் நின்றுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

அப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் ஒரு கம்பனியில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. ஜப்பானிலிருந்து வரவிருந்த புது இயந்திரத்தைப் பழகிக்கொண்டு வா என்று இரண்டு வாரம் அனுப்பினார்கள். கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை வைத்தார்கள். ஐம்பது வயதில், இருபத்தைந்து வயதுப் பையன்கள் மத்தியில், நான் ஒருவன் மட்டும் பெயில். அன்றிரவு தொலைபேசியில் மனைவியிடம் சாப்பாட்டைப் பற்றியே கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் என் மனதில் இருந்தது பரீட்சை அல்ல. நான் புறப்பட்ட அன்று, ஆக்லாந்து விமான நிலையத்தில் என் மனைவி வனிதா காதோடு ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்.

"சுகந்திக்கு மூண்டு மாசம். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. நீங்கள் அறிஞ்சதெண்டு அவவுக்கே தெரியக்கூடாது."

சுகந்தி என் ஒரே தங்கை, என்னைவிட வெகு இளையவள். முந்தின வருடமும் உண்டாகியிருந்தாள். அப்போது கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். ஒரு கிழமைக்குள் நாங்கள் இருக்கும் மவுண்ட் ரோஸ்கில் பகுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலாம் மாதம் கலைந்துபோனது. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குச் சோற்றுப் பார்சலும் அனுதாபமுமாக வரிசை கட்டி ஆட்கள் வந்தார்கள். கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் யாராவது கையைப் பிடித்து விசாரித்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் தன் வீட்டுக்குள் இருந்து அழுதிருக்கலாம். அந்தச் சலுகையை நான் பறித்துவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை.

இந்தப் பாரத்தோடு சனிக்கிழமை காலை ஏழரைக்கு உவெனோவில் ஹோட்டல் அறையைக் காலி செய்தேன். பெட்டியை ரயில் நிலையப் பெட்டகத்தில் வைக்க முந்நூறு யென். ஹோட்டலுக்குப் பின்னால் முந்நூறு மீட்டரில் ஒரு சின்னக் கோயில். வாசலில் சிவப்புத் தோரணத் தூண்கள், கை கழுவ ஒரு தொட்டி. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். அதுவரை சரியாகச் செய்தேன். பிறகு கால்கள் தம்பாட்டில் வலம்வரக் கிளம்பிவிட்டன. பின்பக்கம் திரும்பினால் துடைப்பங்கள், குப்பை வாளி, காயப்போட்ட காலுறைகள். கோயிலோடு ஒட்டியிருந்த வீட்டு மனுஷர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் குனிந்தார், நானும் குனிந்தேன். வந்த வழியே திரும்பினேன். அந்தக் கோயிலை வலம்வர வழி கிடையாது என்பதை இதன்மூலம் அறியத் தருகிறேன்.

அங்கிருந்து நிங்யோச்சோவுக்குச் சுரங்க ரயிலில் நூற்றறுபது யென், ஏழு நிமிடம். சுகப்பிரசவத்துக்கென்றே பேர்போன கோயில் அங்கே இருக்கிறது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால், அவர்கள் பஞ்சாங்கப்படி நாய் நாளில் கர்ப்பிணிகள் கூடுவார்களாம். நான் போனது அந்த நாளில். வரிசை முழுக்க இளம் சோடிகள். நடுவில் தொந்தியோடு தனியே ஒரு தமிழன். முன்னால் நின்ற பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாக இடம் விட்டாள் என்று இன்றும் நம்புகிறேன்.

வெண்கலத்தில் ஒரு தாய்நாயும் குட்டியும் இருந்தன. எல்லோரும் தடவித் தடவித் தலை மினுங்கியது. என் முறை வந்ததும் குட்டியின் தலையில் கை வைத்து, சுகந்தியின் கதை முழுவதையும் மெல்லிய குரலில் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும். இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்ததைத் தமிழ் தெரியாத ஒரு நாயிடம் இறக்கினேன். கதையைத் தொடங்கும்போது என் வழக்கமான உற்சாகம் இருந்தது. முடிக்கும்போது அது போய்விட்டிருந்தது.

பக்கத்தில் எமா என்கிற மரப்பலகைகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. உள்ளங்கை அளவு பலகையில் வேண்டுதலை எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிடுவது அங்கே வழக்கம். ஊரின் இரகசியங்கள் எல்லாம் கண்முன்னே ஆடுகின்றன, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை! ஜப்பான் மொழி படிக்காததற்கு அன்றைக்குப் பட்ட வேதனை பரீட்சையன்றுகூடப் படவில்லை. ஐந்நூறு யென்னுக்கு ஒரு பலகை வாங்கி, அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற பழக்கத்தில், "சுகந்தி, உத்தரட்டாதி, சுகப்பிரசவம் வேண்டி" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சந்நிதிப் பக்கம் காட்டி எடுத்தேன். பிறகு பையில் வைத்தேன்.

தவறு நடந்தது அங்கேதான். அதை அங்கேயே தொங்கவிட வேண்டும். எனக்கோ கோயிலில் கைக்கு வந்தது பிரசாதம், பிரசாதத்தை விட்டுவிட்டு வரக் கூடாது என்ற எண்ணம். கடமை முடிந்த திருப்தியோடு உவெனோவுக்குத் திரும்பினேன். ஒன்றேகாலுக்கு விமான நிலைய ரயில், ஆயிரம் யென், எழுபத்தைந்து நிமிடம். விமானம் மாலை ஆறரைக்கு.

விமான நிலைய வரிசையில் லெட்சுமி அக்கா நின்றார். மலேசியத் தமிழர், எங்களுக்கு அடுத்த தெரு. யோகோஹாமாவில் மகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். செய்தி பரப்புவதில் எனக்கு நேர்ப் போட்டி. ஒரே வித்தியாசம், அவர் என்னைவிட வேகம். பதினொரு மணிநேரம் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்து வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆக்லாந்து. வருகை அட்டையில் மரப்பொருள் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று குறியிட்டேன். அதில் பொய் சொல்லக் கூடாது, அபராதம் போடுவார்கள். பூச்சி, கிருமி உள்ளே வராமல் பொருள்களைச் சோதிக்கும் தனிமைப்படுத்தல் மேசையில் இருந்த இளம்பெண் பையைத் திறந்து பலகையை எடுத்தாள். பூச்சித் துளை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்துவிட்டு யாரையோ கேட்கப் போனாள்.

பக்கத்து மேசையில், ஊறுகாய்ப் போத்தல்களைப் பறிகொடுத்துக்கொண்டு, லெட்சுமி அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அது மூக்குக்கு இறங்கினால் எல்லாம் முடிந்தது. பலகையை மூடலாம் என்று கையை நீட்டினேன். தொடக் கூடாது என்று இன்னொரு அதிகாரி அதட்டினார்.

"என்னா தம்பி, பலகையில தமிழ் மாதிரி இருக்கு? யாருக்கு வேண்டுதல்?" அக்காவின் கை கண்ணாடிக்குப் போனது.

இந்தத் தொழிலில் எனக்கு முப்பது வருட அனுபவம். ஒன்றும் இல்லை அக்கா என்றால் விடமாட்டார். வாயில் வேறொன்றைப் போட்டால்தான் கையில் இருப்பதை விடுவார். போடுவதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். இஞ்சாலை வாங்கோ. நான் பரீட்சையிலை பெயில். வேலை இருக்குமோ தெரியாது. வனிதாவுக்கே இன்னும் சொல்லேல்லை."

கண்ணாடி நெற்றியிலேயே நின்றது. "ஐயோ. இந்த வயசுலயா?" என்றார். எத்தனை பேர் எழுதினார்கள், மற்றவர்கள் எல்லாம் பாஸா, வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கக் கேட்க, கூசாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்து, கொண்டுபோகலாம் என்று பலகையைக் கொடுத்தாள். பையின் அடியில் திணித்தேன்.

வீட்டுக்கு வந்து நான் குளித்து முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்தது வனிதா. அந்த உரையாடலை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். திங்கள் மாலை கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் பீஜிக்காரக் கடைக்காரர், அடுத்த முறை நன்றாகச் செய்வீர்கள் என்று ஆறுதல் சொன்னார். மூன்று கிழமை தலைகுனிந்து நடந்தேன். நம்மைப் பற்றி நான்கு பேர் கதைக்கும்போது முதுகில் எப்படி இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சுகந்திக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றாள். சொன்னாள். நான் வாயைப் பிளந்து, கண்ணை விரித்து, கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டேன்.

"நடிக்காதேங்கோ அண்ணா. மச்சாள் தானாச் சொல்லேல்லை. நான்தான் சொல்லச் சொன்னனான்."

கன்னத்தில் வைத்த கையை மெல்ல எடுத்தேன்.

"அந்தக் கதை எங்கை சுத்தி எப்ப என்னட்டை வருமெண்டு ரெண்டு மாசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான். போற வாற இடமெல்லாம் உங்கட பெயில் கதைதான். என்ர கதை ஒரு இடத்திலையும் இல்லை."

சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டாள். என் வீட்டில், எனக்கு.

கேள்வி கேட்ட வாசகருக்கு: அரை நாளில் இரண்டு கோயிலுக்கு மேல் முயலாதீர்கள். பெட்டியை நிலையத்திலேயே வைத்துவிடுங்கள். ரயிலுக்கு இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள். பிரசவக் கோயிலுக்குப் போவதானால் நாய் நாளைத் தவிருங்கள், ஒரு மணிநேரம் வரிசையில் நிற்க நேரிடும். அங்கே விற்கிற தாயத்தை வாங்கினால் பிரித்துப் பார்க்காதீர்கள், பலன் போய்விடுமாம். பலகையை அங்கேயே தொங்கவிடுங்கள். மரமாக எதைக் கொண்டுவந்தாலும் அட்டையில் மறைக்காதீர்கள். வேண்டுதல் யாருக்காகவோ அவருடைய பெயரை எழுதாதீர்கள், கடவுளுக்கு ஆளைத் தெரியும். சுகந்தி என்பதும் உத்தரட்டாதி என்பதும் நான் இந்தப் பதிவுக்காக மாற்றியவை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த டிசம்பருக்கு அடுத்த ஏப்ரலில் ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. மைத்துனர் என்று நினைத்து எடுத்தேன். சுகந்தி. குரல் களைத்திருந்தது. பின்னால் ஒரு சின்ன அழுகை கேட்டது.

"பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணா. இனி நீங்கள் சொல்லுங்கோ."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.